19.5 காட்டுது, ஆனால் ஏறுதில்லை

வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு லப்டொப் திருத்துபவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே முறைப்பாடு: சார்ஜ் ஏறுதில்லை. பிரிண்டர், வைரஸ் என்று எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கு அடுத்த இதழில் இடம் இருக்கிறது.

கேள்வி: ஐயா, நான் மூதூரில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்து வருடமாகப் பாவிக்கும் டெல் லப்டொப் மூன்று மாதமாகத் தொல்லை தருகிறது. சார்ஜரைக் குத்தினால் லைற் எரியும், லப்டொப்பும் ஓடும். ஆனால் மூலையில் 'செருகப்பட்டுள்ளது, சார்ஜ் ஆகவில்லை' என்றே நிற்கும். சில நேரம் தானாக ஏறத் தொடங்கும். இரவில் தையல் மெஷினுக்கு மேல் வைத்துக் குத்தினால் விடிய 100 காட்டும். பகலில் மேசையில் வைத்து வேலை செய்தால் ஏறாது, ஆமை மாதிரியும் ஓடும். கடையில் மீற்றர் வைத்துப் பார்த்து, "சார்ஜர் நல்லம், 19.5 வோல்ட் காட்டுது, பற்றரிதான் போச்சு" என்று 11,500 ரூபாவுக்குப் புதுப் பற்றரி போட்டார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. பகலில் வோல்டேஜ் குறைவோ? அல்லது மதர்போட் போய்விட்டதா?

பதில்: டீச்சர், மதர்போட் என்ற சொல்லை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தரம் தையல் மெஷினில் வந்து நின்றுவிட்டேன்.

கரண்டில் பிழை இல்லை. சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், 100-240 என்று சின்ன எழுத்தில் இருக்கும். எங்கள் 230 வோல்ட் கொஞ்சம் தொய்ந்தாலும் அது கண்டுகொள்ளாது. இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம், வயர் படுத்திருக்கும் விதம். தையல் மெஷினுக்கு மேல் வைத்தால் வயர் நேரே கீழே தொங்கும். மேசையில் என்றால் அது கொப்பிக் கட்டுகளுக்குப் பின்னால் வளைந்து போகும், பிளக் ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடக்கும். நான் உங்கள் மேசையைப் பார்த்ததில்லை. ஆனால் டீச்சர்மார் வீட்டு மேசைகள் பல பார்த்திருக்கிறேன்.

டெல்லின் வட்ட பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளியே ஓர் உலோக வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவில் மெல்லிய ஊசி ஒன்று. கரண்ட் போய் வருவது இரண்டு வளையங்களாலும்தான். வெளிப்பக்கம் கழித்தல், உள்பக்கம் 19.5 வோல்ட். ஊசியால் போவது பேச்சு. சார்ஜருக்குள் கடுகளவு சிப் ஒன்று இருந்து, 'நான் டெல் சார்ஜர், 65 வாட்ஸ்' என்று அந்த ஊசி வழியாகச் சொல்லும். லப்டொப் அதைக் கேட்ட பிறகுதான் பற்றரிக்கு வழிவிடும். பேச்சுக் கேட்காவிட்டால், முன்பின் தெரியாத ஆள் படலையில் நிற்கிறான் என்று எடுத்துக்கொள்ளும். தான் ஓடுவதற்கு மட்டும் கரண்டை வாங்கிக்கொண்டு பற்றரிப் பக்கத்தைப் பூட்டிவிடும், புரொசெசரின் வேகத்தையும் இறக்கிவிடும். உங்கள் ஆமை அங்கேதான் பிறக்கிறது.

ஊசிக்குப் போகும் வயர் மூன்றிலும் மெல்லியது. பிளக்கை விட்டு வயர் வெளியே வரும் இடத்தில் வளைந்து வளைந்து அனேகமாக முதலில் அறுவது அதுதான். மற்ற இரண்டும் சுகமாக இருப்பதால் மீற்றர் 19.5 என்றே காட்டும். மீற்றர் பொய் சொல்லவில்லை, ஊசியைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை. புதுப் பற்றரி எப்படி இரண்டு நாள் ஓடியது என்று கேட்பீர்கள். புதுப் பற்றரி கொஞ்சம் சார்ஜோடுதான் வரும். கடையில் குத்தியபோது வயரும் நேரே இருந்திருக்கும்.

கடைக்காரரைத் திட்ட எனக்கு வாய் வராது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் இதையே செய்தவன். றேடியோ, கசெட் செற் திருத்திய கை என்னுடையது. மீற்றர் சொன்னால் வேதவாக்கு. சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பொடியன் இதே மாதிரி டெல் ஒன்று கொண்டுவந்தான். 19.5 காட்டியது. பற்றரி விற்றேன். ஒரு கிழமையில் திரும்பி வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, மேசையில் வைத்துக் குத்திக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் இன்னொருவரின் சார்ஜர் கிடந்தது, சும்மா அதை எடுத்துக் குத்தினேன். ஏறியது. அவனுடைய அப்பா வள்ளத்தில் போகிறவர் என்று எனக்குத் தெரியும். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பற்றரி இப்போதும் என் லாச்சியில் கிடக்கிறது, எந்த மொடலுக்கும் பொருந்தாமல்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பாலங்கள் வந்த பிறகு மூதூரார் லாஞ்சுக்குக் காத்து நிற்கும் பாடு இல்லைத்தான். ஆனாலும் கிண்ணியாவால் சுற்றி ரவுனுக்கு வந்து போகப் பாதி நாள் போய்விடும், அதனால் முதலில் வீட்டிலேயே பாருங்கள். லப்டொப்பை நிறுத்தித் திரும்பப் போடும்போது, டெல் என்ற எழுத்துத் தெரிந்ததும் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டிருங்கள். பயோஸ் திறக்கும், அதாவது வின்டோஸ் வர முதல் இருக்கும் அமைப்புப் பக்கம். அங்கே ஒன்றையும் மாற்ற வேண்டாம், வாசித்தால் போதும். பற்றரி பற்றிய பக்கத்தில் ஏசி அடப்டர் என்றொரு வரி இருக்கும். அதில் 65 வாட்ஸ் என்று இருந்தால் பேச்சுக் கேட்கிறது. தெரியாதது என்ற பொருளில் எழுதியிருந்தால் கேட்கவில்லை. பிளக்கின் கழுத்தடியில் வயரை மெதுவாக ஒவ்வொரு பக்கமாக வளைத்து மறுபடி பாருங்கள். சில மொடல்களில் அந்த வரி உடனே மாறும், சிலவற்றில் வெளியே வந்து திரும்பப் போக வேண்டும். வளைவுக்கு வளைவு பதில் மாறினால் கள்ளன் பிடிபட்டுவிட்டான்.

அடுத்ததாக, பாடசாலையில் யாரிடமாவது அதே பருமன் பிளக் உள்ள டெல் சார்ஜரை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். வாட்ஸ் உங்களுடையதுக்குச் சமமாக அல்லது கூட இருக்கட்டும். குறைந்ததைக் குத்திப் பார்த்தால் அதுவே புதுக் குழப்பம். இரவல் சார்ஜரில் ஏறினால், கெட்டது உங்கள் சார்ஜர். அதிலும் ஏறாவிட்டால் லப்டொப்பின் பக்கத்தில் உள்ள ஜாக்கைப் பார்க்க வேண்டும். பல டெல் மொடல்களில் அந்த ஜாக் சின்ன வயரோடு தனிச் சாமானாக இருக்கும். கழற்றிப் பூட்டுவதுதான் வேலை, ஈயம் உருக்கத் தேவையில்லை. "ஜாக் போனால் போட்டையே மாத்தோணும்" என்று யாராவது சொன்னால், திறந்து காட்டச் சொல்லுங்கள்.

புதுச் சார்ஜர் வாங்குவதென்றால் ஸ்டிக்கரை வாசியுங்கள். 65 வாட்ஸ் என்றால் 19.5 வோல்ட், 3.34 அம்பியர். 2.31 அம்பியர் என்று இருந்தால் அது 45 வாட்ஸ். மலிவுச் சாமான் சிலவற்றில் நடு ஊசி இருக்கும், உள்ளே சிப் இராது. கடையிலேயே குத்தி, பயோஸில் வாட்ஸ் தெரிவதைப் பார்த்த பிறகு காசை எண்ணுங்கள்.

இன்னொன்று, கழற்றிய பழைய பற்றரியைக் கேட்டு வாங்குங்கள். நான் நினைப்பது சரியென்றால் அதில் பிழையே இல்லை. அரைவாசிச் சார்ஜில், வெக்கை படாத அலுமாரித் தட்டில் வைத்து, சில மாதத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பார்த்தால் பின்னுக்கு உதவும்.

கேள்வி: கோணேசபுரியில் கம்பஸ் படிக்கிறேன் அண்ணா. லெனோவோ வாங்கி எட்டு மாதம்தான். 60 சதவீதத்தில் நின்றுவிடுகிறது, இரவு முழுக்கப் போட்டாலும் மேலே போவதில்லை. செத்துவிட்டதா?

பதில்: சாகவில்லை தம்பி, விரதம் இருக்கிறது. லெனோவோ வான்டேஜ் என்ற செயலியைத் திறந்து பற்றரிப் பக்கத்தில் கொன்சர்வேஷன் மோட் என்பதைப் பார். நீயோ, உன் அறையில் இன்னொருவரோ அதைப் போட்டிருக்க வேண்டும். சில மொடல்களில் 60, சிலவற்றில் 80. எந்நேரமும் குத்தியபடி வைத்திருப்பவர்களுக்கு அது நல்லது. லிதியம் செல் முழுக்க நிறைந்து 4.2 வோல்ட்டில் நாள் முழுக்க நின்றால் சீக்கிரம் கிழடாகும். பரீட்சைக்கோ பயணத்துக்கோ முதல்நாள் எடுத்துவிடு, வந்ததும் திரும்பப் போடு.

கேள்வி: நிலாவெளியில் கடற்கரையோரம் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை. வரவேற்பு மேசை திறந்த விறாந்தையில்தான். மத்தியானம் 12 மணிக்குப் பிறகு சார்ஜ் நின்றுவிடும், பின்னேரம் தானாக ஏறும். கரண்ட் போய் வந்தால் சில நேரம் சார்ஜர் லைற்றே எரியாது. இரண்டும் ஒரே வருத்தமா?

பதில்: இல்லை, இரண்டு வருத்தம். முதலாவது வெயில். லிதியம் பற்றரியைச் சார்ஜ் பண்ணக்கூடிய சூடு பொதுவாக 45 பாகை செல்சியஸ் வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் பற்றரிக்குள் இருக்கும் காவல் சுற்றே வழியை அடைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் உங்கள் விறாந்தைக் காற்றே அடுப்படிக் காற்று மாதிரி. அதில் லப்டொப்பின் சொந்தச் சூடும் சேர்ந்தால் 45 ஒரு தூரமில்லை. பின்னேரம் தானாக ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால் சாமானில் குற்றம் தேட வேண்டாம். மேசையை உள்ளே தள்ளுங்கள், அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள், விசிறியில் அடைந்த தூசியை எடுப்பியுங்கள். மேசைவிரிப்புக்கு மேல் வைக்கும் வழக்கம் இருந்தால் விரிப்பை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, சார்ஜரின் காவல். கரண்ட் துள்ளி வரும்போது சில சார்ஜர்கள் தம்மைத்தாமே பூட்டிக்கொள்ளும். சுவரிலிருந்தும் லப்டொப்பிலிருந்தும் கழற்றி இரண்டு மூன்று நிமிடம் விட்டுத் திரும்பக் குத்தினால் பெரும்பாலும் எழும்பிவிடும். கரண்ட் நின்றவுடன் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் பொறுத்துக் குத்தும் பழக்கம் அதைவிட நல்லது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியதே, அன்று நான் என் கடையில் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. கடலுக்கு அவ்வளவு கிட்ட என்றால் ஜாக்குக்குள்ளும் பிளக்கிலும் உப்பு ஏறும். வெளிச்சம் அடித்துப் பாருங்கள், பச்சையாகப் பூத்திருந்தால் அதுதான். எல்லாவற்றையும் நிறுத்திக் கழற்றிய பிறகு, ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து நன்றாகக் காயவிட்டுக் குத்துங்கள். அரத்தாள், ஊக்கு, தேங்காய் எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தவரும் இருக்கிறார்.

கேள்வி: சீனக்குடாவிலிருந்து எழுதுகிறேன். மகளின் லப்டொப்பில் விரலால் தடவும் இடம் மேலே எழும்பிவிட்டது, மூடியும் சரியாகப் பொருந்துவதில்லை. சார்ஜும் ஏறி இறங்குகிறது. இரவில் மேலே பாரமான புத்தகம் வைத்தால் கொஞ்சம் படிகிறது. பசை போட்டு ஒட்டலாமா?

பதில்: புத்தகத்தை இப்போதே எடுங்கள். எழும்பியது அந்தத் தடவும் இடம் இல்லை, அதற்கு அடியில் உள்ள பற்றரி. செல்லுக்குள் வாயு உண்டாகி ஊதியிருக்கிறது. அதை அமத்தினால் உள்ளே உள்ள மெல்லிய படலம் கிழிந்து தீப்பிடிக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் பகிடி விடுவதில்லை.

லப்டொப்பை நிறுத்துங்கள். சார்ஜரை இனிக் குத்த வேண்டாம், மகளின் ஒப்படை நாளை என்றாலும்தான். மெத்தை, கதிரைப் பஞ்சு, திரைச்சீலை ஒன்றும் கிட்ட இல்லாத சீமெந்துத் தரையில் வைத்து, கையோடு ஒரு திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். வெயிலில் நிறுத்திய ஓட்டோவுக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம். நீங்களே கத்தி விட்டு நெம்பிக் கழற்றப் பார்க்கவும் வேண்டாம். ஊதிய பற்றரிக்கு வைத்தியம் கிடையாது. ஊசியால் குத்திக் காற்றை எடுப்பதாக யாராவது காட்டினால் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுங்கள். கழற்றிய பற்றரியை வீட்டுக் குப்பையோடு போடாமல், கடலிலும் எறியாமல், திருத்துபவரிடமே விட்டு, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளருக்குப் போகும்படி சொல்லுங்கள். நான் அப்படி வருவதை மணல் போட்ட தகர வாளியில் கடைக்கு வெளியே வைப்பேன்.

புதுப் பற்றரி போட்டதும் தடவும் இடம் தானாக இறங்கிவிடும். பசைக் காசு மிச்சம்.

கேள்வி: தம்பலகாமம். 2020இல் வாங்கிய லப்டொப். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றுவிடுகிறது. தம்பி ஒருவர் பற்றரி அறிக்கை எடுத்துத் தந்தார். வடிவமைத்த கொள்ளளவு 41,440, முழுச் சார்ஜ் கொள்ளளவு 17,900, சுற்று 612 என்று இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

பதில்: உங்களுக்கு உண்மையாகவே பற்றரிதான். மூதூர் டீச்சர் இதைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது.

அறிக்கை எடுக்கத் தெரியாத மற்றவர்களுக்கு: வின்டோஸின் தேடும் இடத்தில் சிஎம்டி என்று அடித்தால் கறுப்புப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் ஆங்கில எழுத்தில் பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, முன்சாய்ந்த கோடு, அதோடு ஒட்டிப் பேட்டரிரிப்போர்ட் (powercfg /batteryreport) என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று அதுவே சொல்லும்.

41,440 என்பது புதிதில் கொள்ளக்கூடிய மில்லிவாட்-மணி. இப்போது கொள்வது 17,900. நூற்றுக்கு 43. பானை அதே பானை, அடியில் பாதிக்கு மேல் சேறு. 612 சுற்று என்பது 612 தரம் குத்தினீர்கள் என்பதல்ல. பாதி இறக்கிப் பாதி ஏற்றியதை இரண்டு தரம் செய்தால் ஒரு சுற்று. லப்டொப் பற்றரிகளுக்கு 300 முதல் 500 சுற்று என்பது பொதுவான கணக்கு. உங்களுடையது உழைத்துக் களைத்த பற்றரி. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களை இதுவும் கண்டிருக்கும். அந்த வருடம் போனுக்கும் ரவுட்டருக்கும் லப்டொப்பிலிருந்தே கரண்ட் எடுக்காத வீடு எது?

40இல் நிற்பது ஏனென்றால், உள்ளே செல்கள் வரிசையாகப் பூட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் கோயிலில் சுவாமி தூக்கும்போது ஒரு தோள் தாழ்ந்தால் மற்றவர்களும் நிற்கத்தானே வேண்டும்? ஒரு செல்லின் வோல்ட் சரிந்ததும் காவல் சுற்று மொத்தத்தையும் வெட்டிவிடும். சதவீதக் கணக்கு அதை முன்கூட்டி அறியாது.

வாங்கும்போது பழைய பற்றரியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் பாக இலக்கத்தைப் பொருத்துங்கள். வோல்ட்டையும் பாருங்கள். 10.8உம் 11.1உம் இரண்டும் மூன்று செல் வரிசைதான், அந்த வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம். 14.8 என்றால் நான்கு செல், அது வேறு சாதி. போட்ட அன்றே அறிக்கையைத் திரும்ப எடுங்கள். 'புத்தம் புதுசு' என்று தந்தது சுற்று 0 காட்டி, முழுக் கொள்ளளவில் 30,000ஐக்கூடத் தாண்டாவிட்டால், வருடக்கணக்கில் தட்டில் கிடந்த சாமான். பில்லோடு அன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து சேர். சார்ஜ் போட்டுக்கொண்டு லப்டொப்பின் உலோகப் பக்கத்தைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கிறது. வெறுங்காலோடு தரையில் நின்றால் இன்னும் கூடுதலாகக் கடிக்கிறது. செருப்புப் போட்டால் இல்லை. பற்றரி கசிகிறதா?

பதில்: பற்றரிக்கு இதில் பங்கில்லை. சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள், கடிக்காது.

மூன்று பின் உள்ள சார்ஜர் வயரை எர்த் இல்லாத மல்டிபிளக்கில் குத்தியிருப்பீர்கள், அல்லது இரண்டு பின் கொன்வேர்ட்டர் ஒன்று நடுவில் இருக்கும். சார்ஜருக்குள் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் சின்னக் கப்பாசிற்றர் வழியாக மிக மிகச் சிறிய கரண்ட் உலோகப் பக்கத்துக்கு வரும். எர்த் இருந்தால் அது அந்த வழியால் போய்விடும். இல்லாவிட்டால் உங்கள் காலால் போகும். மெல்லிய சுள் என்ற அளவில் இருந்தால் அது இதுதான். கை உதறும் அளவுக்கு அடித்தால் சார்ஜரே பழுது, அதைத் திரும்பக் குத்த வேண்டாம். முதலில் சமையலறையில் பிரிட்ஜ் குத்தும் சுவர் சொக்கற்றில் நேரடியாகக் குத்திப் பாருங்கள். அங்கே கடிக்காவிட்டால் மல்டிபிளக்கை மாற்றினால் போதும். அங்கேயும் கடித்தால் லப்டொப்பை விட்டுவிட்டு, வீட்டு எர்த் கம்பியைப் பார்க்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்தப் பிரிட்ஜையும் வீட்டில் எல்லோரும் வெறுங்காலோடுதான் திறக்கிறார்கள்.